மிஸ் தோர்ப்பின் பச்சைப் புத்தகங்கள்

போன மாதம் ஆரணி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நூலகத்தில், பழைய புத்தகங்களைப் பழுதுபார்க்கும் அறையில், இப்போது அவளுக்கு வேலை. தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, இங்கே கனடாவில் பிறந்து வளர்ந்தவள். பச்சைத்துணி அட்டை போட்ட பழைய ஆங்கிலப் புத்தகம் எதையும் இனி வெறுங்கையால் தொடக்கூடாதாம். பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக மூடி, மேலே எச்சரிக்கை ஒட்டி வைக்கவேண்டுமாம். புதுக் கட்டளை வந்திருக்கிறது.

"அங்கிள், நீங்கள் அந்தக் காலத்தில உதுகளை வெறுங்கையாலயா தொட்டனீங்கள்? சீரியஸ்லி?"

"கையால மட்டும் தொட்டிருந்தால் பரவாயில்லை, பிள்ளை" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சொன்னேன். "எழுதித் தாங்கோ அங்கிள், எங்கட ஆக்களுக்குக் காட்டவேணும்" என்றாள். எழுதுகிறேன். பயந்தாங்கொள்ளி ஒருவனின் கதை இது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வீரம் தேடுகிறவர்கள் வேறு பக்கம் போகலாம்.

ஊரில் நான் அச்சகமொன்றில் புத்தகம் கட்டுபவன். சண்டை, இடப்பெயர்வு, கொழும்பு, ஏஜென்சிக்காரன், ரொறன்ரோ. இந்த வழியை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். தொண்ணூறுகளின் நடுவில் அகதி வழக்கு வென்று, அதன் பிறகுதான் நூலக வேலை கிடைத்தது. ஊரில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசைக்குள் துரிசு என்கிற மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவோம். இங்கே அதைச் சொன்னபோது மிஸிஸ் கோல்மன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஊரில் கற்ற பாதியை மறந்தேன்.

மிஸிஸ் கோல்மன்தான் அந்த அறைக்குத் தலைவி. மெலிந்த, உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. சாம்பல் நிற ஏப்ரன் கட்டியிருப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காகிதம் மடிக்கிற எலும்புத் தகடு ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். பின்னால் வந்து நின்று, அதால் என் மேசையில் ஒருமுறை தட்டினால் 'நிறுத்து'. இரண்டு தட்டினால் 'பிரித்துவிட்டுத் திரும்பச் செய்'. மூன்று தட்டு நான் கேட்டதில்லை. எனக்கு முன்பிருந்த போலந்துக்காரர் கேட்டாராம், அடுத்த கிழமை அவர் அங்கே இல்லையாம். நூலகத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்ன கதை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி என்றால் கெட்டிக்காரி. புத்தகத்துக்கு நாங்கள் செய்கிற எதையும் பிறகு வருகிறவர் சேதமில்லாமல் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பார். ஆகவே கோதுமை மாப்பசை மட்டும். தூசி தட்டுவதற்கு ஆட்டுமயிர்த் தூரிகை. புத்தகத்தின் முதுகிலிருந்து வெளி ஓரத்துக்கு ஒரே திசையில்தான் இழுக்கவேண்டும், திருப்பி இழுத்தால் ஒரு தட்டு. கையுறையைக் கண்ணிலும் காட்டக்கூடாது. கையுறை போட்டால் விரலுக்குப் பார்வை போய்விடும், மெல்லிய தாள் கிழியும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் காலத்தில் கன பேருடைய கொள்கையும் அதுதான்.

என் வேலையோ தற்காலிக வேலை. சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் கையெழுத்து வைத்தால்தான் தொடரும். அதே நேரத்தில் என் மனைவி சறோவும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஒற்றை அறையில் கிடந்தார்கள். அவர்களை ஸ்பொன்சர் பண்ணுவதற்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு வேலைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதக்கூடிய ஒரே கை, எலும்புத் தகடு பிடித்த அந்தக் கைதான். கேட்பதற்கு வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினேன்.

ஞாயிறு காலையில் தொலைபேசி அட்டை வாங்கிச் சறோவுடன் கதைப்பேன்.

"நேற்றும் பொலிஸ் வந்து எல்லாரையும் கீழ இறக்கினவங்கள். பிள்ளை பயத்தில பாவாடையோட மூத்திரம் பெய்திட்டாள்."

"உங்கட பொலிஸ் பதிவெல்லாம் சரிதானே?"

"பதிவு சரியெண்டால் விடுவாங்களே? பக்கத்து அறைப் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். எப்பயப்பா எங்களை எடுப்பியள்?"

"கெதியில, சறோ. கடிதம் கேக்கப் போறன்."

"போன மாசமும் உதைத்தானே சொன்னனீங்கள்" என்று அழுதாள்.

இந்த நிலையில்தான் பச்சைப் புத்தகங்கள் வந்தன. பழைய தேவாலயம் ஒன்றை மூடும்போது, அதன் ஞாயிறு பாடசாலை அலுமாரியை அப்படியே நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அலுமாரி நிறைய ஒரே எழுத்தாளர், மிஸ் லவீனியா தோர்ப். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் பெண்மணி. பாதிரியார் மகள், கலியாணம் கட்டாதவர், பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவக் கதைகளை எழுதிக் குவித்தவர். நன்றாக வேதம் ஒப்புவித்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் இவர் புத்தகம்தான் பரிசு. அட்டை கண்ணைப் பறிக்கிற இலைப் பச்சை, நடுவில் தங்க மையில் ஒரு கைவிளக்கு. நூறு வருசம் கடந்தும் நிறம் மங்கவில்லை. ஆனால் துணியில் பூசிய கஞ்சி உலர்ந்து பொருக்காகி, தூரிகை பட்டால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

"இவற்றை நீர் தனியாகச் செய்யும்" என்றார் மிஸிஸ் கோல்மன். ஆங்கிலத்தில் அவர் சொன்ன 'யூ' எனக்கு எப்போதும் 'நீர்' என்றுதான் கேட்டது. "வசந்தத்தில் கண்காட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கையில் எடுத்துப் பார்ப்பார்கள். வேலை முடிந்த பிறகு உமது இடத்தைப் பற்றிப் பேசுவோம்."

உமது இடம்! எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இந்தப் பச்சை அலுமாரியை ஒழுங்காக முடித்தால் கடிதம். பிழை விட்டால் சறோவும் பிள்ளையும் லொட்ஜில்.

பிள்ளையார் சுழி போடாமல் எழுதாதவன் நான். அச்சகத்தில் இருந்த காலத்திலிருந்தே, காலையில் கையில் எடுக்கும் முதல் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வலக்கண்ணிலும் இடக்கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் வேலை தொடங்குவேன். கீழே விழுந்து காலில் பட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம், அதற்கும் எடுத்து ஒற்றவேண்டும். சரஸ்வதி குடியிருக்கிற பொருள் அல்லவா! மூச்சு விடுவது போன்ற பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. ஆனால் மிஸிஸ் கோல்மன் கண்ணில் பட்டால் வேலை நேரத்தில் பூசை செய்கிறான் என்று நினைப்பாரோ என்று அவர் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்வேன்.

பச்சைப் புத்தகம் தொடங்கிய கிழமையே கண் கரித்தது. பிறகு சிவந்தது. பிறகு பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டது.

ரொறன்ரோவின் கிழக்கே, மோர்னிங்சைட்டில், நிலக்கீழ் அறையொன்றில் என்னோடு சிவராசா அண்ணை இருந்தார். டோனட் கடையில் அடுப்படி வேலை. என் கண்ணைக் கண்டதும் கதவுக்கு அங்காலே போய் நின்றுகொண்டார்.

"டேய், உது கண்நோயடா! என்னைப் பாக்காதை. பாத்தால் ஒட்டும்."

"பாக்காமல் எப்பிடி அண்ணை கதைக்கிறது?"

"சுவரைப் பாத்துக் கதை. எனக்கு ஒட்டினால் கடையில நிப்பாட்டிப் போடுவாங்கள். டொக்டரிட்ட போவன் மனுசா."

"போனால் வேலைக்குப் போகவேண்டாம் எண்டு எழுதித் தருவான் அண்ணை. அதைக் கொண்டுபோய்க் கோல்மன் மனுசியிட்ட குடுக்க ஏலுமே?"

"அப்ப கொத்தமல்லி அவிச்சுக் கழுவு. முகம் துடைக்கிற என்ர துவாயைத் தொட்டியோ, கொலை விழும்."

கொத்தமல்லித் தண்ணியால் கழுவினேன். காலையில் போய் மறுபடியும் பச்சைப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றினேன். கண் நோகிறபோது இன்னும் பக்தியாக ஒற்றினேன். கலைமகளே, கண்ணைத் தா, வேலையைத் தா என்று வேண்டிக்கொண்டு ஒற்றினேன். என்ன விசர் வேலை!

இதற்குள் இன்னொரு வினை. சாப்பாட்டு நேரத்தில் மிஸ் தோர்ப்பின் கதைகளைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். இலகுவான ஆங்கிலம், பெரிய எழுத்து. அவர் கதைகளில் நல்ல பிள்ளைகள் இருமி இருமி, புன்னகையோடு செத்துப் பரலோகம் போவார்கள். கெட்ட பிள்ளைகளுக்கு நடப்பதைச் சொல்லவே வேண்டாம். டோர்க்கஸ் என்றொரு சிறுமி. எசமானியின் கண்ணாடிக் குடத்தை உடைத்துவிட்டு, தெரியாது என்று மறைக்கிறாள். மறைக்க மறைக்க அவளுடைய கண் மங்குகிறது. கடைசியில் குருடாகி, எசமானியின் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறாள். பார்வை திரும்புகிறதா என்று ஆவலோடு பக்கத்தைப் புரட்டினேன். மன்னிப்புத்தான் கிடைத்தது, பார்வை கிடைக்கவில்லை.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தார். இந்த வெள்ளைக்கார அம்மாவும் கடல் கடந்து அதையே சொல்கிறார். புத்தகத்தைப் படக்கென்று மூடிவைத்தேன். ஏனென்றால் அன்று காலைதான் மிஸிஸ் கோல்மன் கேட்டிருந்தார்.

"கண்ணுக்கு என்ன?"

"வெங்காயம், மேடம். சமைக்கும்போது."

அடுத்த கிழமையும் கேட்டார்.

"இன்றைக்கும் வெங்காயமா?"

"யெஸ், மேடம். நிறைய வெங்காயம்."

எலும்புத் தகட்டை உள்ளங்கையில் ஒருமுறை தட்டிக்கொண்டு போனார். மேசையில் தட்டவில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் நாள் முழுக்கத் தவித்தேன்.

இன்னொரு கதையில் மிஸ் தோர்ப் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். கண்ணால் கண்டிராத யாழ்ப்பாணத்தில், கல்லைக் கும்பிடுகிற கறுத்தப் பெட்டை ஒருத்தி. அவளுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் நரகத்தில் என்ன காத்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். என் சாமியைத் திட்டுகிற புத்தகத்தைத்தான் காலையில் சாமியென்று கண்ணில் ஒற்றியிருக்கிறேன்! கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வந்ததோ பயம். எந்தத் தெய்வத்தின் கோபம் என் கண்ணில் இறங்கியிருக்கிறது என்றே தெரியவில்லை. பகிடியாகத் தெரியலாம். இடக்கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் வருகிற பஸ்ஸின் இலக்கம் தெரியாமல் நிற்பவனுக்கு அது பகிடி இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மிஸிஸ் கோல்மன் வழமையைவிட முந்தி வந்துவிட்டார். ரப்பர் அடிச் சப்பாத்து, வந்த சத்தமே கேட்கவில்லை. நான் புத்தகத்தைத் தூக்கி ஒற்றிக்கொண்டிருந்தேன். அட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தபோது எதிரே நின்றார்.

"என்ன செய்தீர்?"

"ஒன்றுமில்லை, மேடம்."

"திரும்பச் செய்யும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சறோவின் முகம் வந்து போனது. புத்தகத்தைத் தூக்கி வலக்கண்ணில் வைத்தேன். இடக்கண்ணுக்குக் கொண்டுபோகும்போது அவர் பாய்ந்து வந்து பிடுங்கினார். புத்தகத்தை அவர் பிடுங்கி நான் கண்டது அந்த ஒருமுறைதான். என்னை யன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். என் இமையில் விரலை வைத்து எடுத்துப் பார்த்தார். விரலில் பச்சை. அவருடைய விரல் நுனிகளும் கொஞ்ச நாளாக வெடித்துக் கிடந்ததை அப்போதுதான் கண்டேன்.

"அந்தக் காலத்துச் சுவர்க் கடதாசியில் இந்தப் பச்சை இருந்தது" என்றார். "ஆர்சனிக் கலந்த பச்சை. துணியிலும் போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை."

ஆர்சனிக். பாசாணம். ஒவ்வொரு காலையும் பாசாணத்தைக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன்.

அவர் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். கண்காட்சியை நிறுத்தச் சொன்னார். புத்தகங்களைச் சோதனைக்கு அனுப்பவேண்டும், அதுவரை ஒருவரும் அறைக்குள் வரக்கூடாது என்றார். "அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் பார்த்தோமே" என்று இரண்டு தரம் தனக்குள் சொன்னார். பிறகு என்னைத் தன் காரில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்குக் கண்ணைப் பற்றிய கவலை பாதிதான். இனி இவர் கடிதம் எழுதுவாரா என்பதுதான் மிச்சம்.

கண்ணைக் கழுவினார்கள், கழுவினார்கள், கழுவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு மஞ்சள் சாயம் ஒரு துளி விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். இடக் கருவிழியில் புண். வலக்கண் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இடக்கண்ணை மறந்திருக்கலாம் என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற மிஸிஸ் கோல்மன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

காருக்குள் வந்து ஏறினோம். அவர் எஞ்சினைப் போட்டார்.

"எப்போது நோகத் தொடங்கியது?"

"முதல் கிழமையே."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் தண்ணி ஓடியது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். லொட்ஜ், பொலிஸ், பிள்ளை பாவாடையை நனைத்தது, ஸ்பொன்சர், கடிதம், எல்லாம். "நோய்க்காரன் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். கடிதம் கிடைக்காமல் போகும் என்று நினைத்தேன். எனக்கு உங்களிடம் பயம், மேடம்."

அவர் எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தபடி பேசினார். அவருடைய தகப்பனும் பாதிரியாராம். ஞாயிறு மத்தியானங்களில் பிள்ளைகளை வரிசையாக இருத்தி, மிஸ் தோர்ப்பின் கதைகளை வாசிப்பாராம். டோர்க்கஸின் கதையை வாசித்த பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்தக் கிழமை என்ன மறைத்தாய் என்று கேட்பாராம்.

"கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் படுப்பேன்" என்றார். "அவர் செத்த பிறகும் எனக்கு அவரிடம் பயம் போகவில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "உமக்கு நானும் அப்படியா?"

இல்லை, மேடம் என்று சொல்லியிருக்கவேண்டும். கடிதம் வேண்டுமென்றால் அதுதான் பதில். மூளை அதைத்தான் சொல் என்றது.

"ஓம்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது. காரைக் கிளப்பி, என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

சனி, ஞாயிறு முழுக்கச் சிவராசா அண்ணை என்னைப் பிய்த்து எடுத்தார். இப்போது ஒட்டாது என்று தெரிந்ததால் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசினார்.

"விசரா, இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனி. கடைசியில அவ கேக்கேக்கை 'இல்லை மேடம், நீங்கள் தெய்வம்' எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே? மனுசியையும் பிள்ளையையும் ஒரு சொல்லில துலைச்சுப் போட்டியேடா!"

"கேட்டா, அண்ணை. பொய் சொல்ல வரேல்லை."

"வெங்காயம் எண்டு சொல்லேக்கை மட்டும் வந்ததோ?"

அந்த ஞாயிறு சறோவோடு பேசத் தொலைபேசி அட்டை வாங்கவில்லை. அவள் கேட்டால் என்ன சொல்வது? சோறு இறங்கவில்லை. எங்கே இருந்தாலும், மேசையில் மூன்று தட்டுக் கேட்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை போனேன். எங்கள் அறை பூட்டிக் கிடந்தது. தாழ்வாரத்தில் ஒரு சின்ன மேசை போட்டு மிஸிஸ் கோல்மன் இருந்தார். கையில் எலும்புத் தகடு இல்லை, விரல்களில் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து, ஒரு கடித உறையோடு கிட்ட வந்தார். நீக்கல் கடிதம் என்றுதான் நினைத்தேன்.

"நிரந்தர வேலை என்று எழுதியிருக்கிறேன். மேலிடமும் கையெழுத்து வைத்துவிட்டது" என்றார். "நீர் கேட்டிருந்தால் முன்பே எழுதியிருப்பேன்."

வாங்கக் கை நீட்டினேன். கை நடுங்கியது. சந்தோசத்தால் இல்லை, அவ்வளவு கிட்ட அவர் நின்றதால். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடிதத்தை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, நான் எடுப்பதற்கு இடம் விட்டு, பின்னால் தள்ளிப்போய் நின்றார்.

சோதனையில் ஆர்சனிக் என்றே வந்தது, ஆனால் அந்த ஒரு அலுமாரியைப் பூட்டியதோடு விட்டுவிட்டார்கள். சறோவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். இடக்கண்ணில் இன்றைக்கும் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் பார்வை இருக்கிறது. மிஸிஸ் கோல்மன் அதற்குப் பிறகும் பல வருசம் வேலை செய்தார். என்னோடு எது பேசினாலும் அதே தூரத்தில் நின்றுதான் பேசினார். கிட்ட வாருங்கள் மேடம் என்று சொல்ல, அவர் ஓய்வுபெற்றுப் போகும்வரை எனக்குத் துணிவு வரவில்லை.